கெய் மேடாவுக்கு வந்த கப்பல்

கடற்கரையிலிருந்து ரயிலில் ஒரு முழுப் பகல் உள்ளே தள்ளி, ஒட்டகம்கூட நிழல் தேடி அலைகிற எத்தியோப்பியாவின் கிழக்குச் சமவெளியில், கெய் மேடா என்கிற ரயிலடி ஊருக்கு ஒரு நீராவிக் கப்பல் வந்து நின்ற காலையில், கலியோப்பி தன் ரொட்டிக் கடையின் அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தாள். கப்பலின் சங்கு ஊதியது. சத்தம் காதில் விழுந்ததும் அவள் செய்த முதல் காரியம் தன் புருஷனைத் திட்டியதுதான்.

திட்டியதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் பாண்டெலிஸ், கிரேக்க நாட்டின் லெம்னோஸ் தீவில் பிறந்து, இளவட்டமாக இந்த ஊருக்கு வந்து, அவளுடைய அப்பாவின் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்து, கடைசியில் இந்த ஊரிலேயே பிறந்த கலியோப்பியைக் கல்யாணம் செய்துகொண்டவன். கல்யாண விருந்தில் முதல் கோப்பையைத் தூக்கியபோதே, "கப்பல் வரட்டும், ஊருக்குப் போயிடுவோம்" என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதுவும் முடிவாக நடந்ததில்லை. கூரைத் தகரம் ஓட்டையானபோது, விட்டுப் போகப்போகிற வீட்டுக்குப் புதுத் தகரம் எதற்கு என்று ஓட்டைக்குக் கீழே ஒரு பாத்திரத்தை வைத்தான். பாத்திரம் ஓட்டையானபோது அதற்குக் கீழே இன்னொரு பாத்திரத்தை வைத்தான். கொல்லையில் ஒரு மாமரம் வைக்கலாமென்றால், பழம் பறிக்க நாம் இருக்கமாட்டோமே என்பான். ஊர்க்காரர்கள் பேசும் அம்ஹாரிக் மொழியில் எண்களும் வசவுகளும் மட்டுந்தான் படித்தான், அவை போதும் என்றான். "வாரத்தில ரெண்டு தடவை ஜிபூத்தி துறைமுகத்துக்கு ரயில் போகுது, அங்கே கப்பலா நிக்குது, ஏறிப் போக வேண்டியதுதானே?" என்று கலியோப்பி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். "அதெல்லாம் ஊரான் கப்பல்," என்பான் அவன். "நம்ம கப்பல் வரட்டும்."

இந்த வியாதி அவன் ஒருவனுக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஊரிலிருந்த கிரேக்கக் குடும்பங்கள் அத்தனைக்கும் இருந்தது. சிமெண்டு வியாபாரி திமோலியோன், கிரேக்கர் சங்கத்துக்கு வேறு யாரும் போட்டியிடாததால் ஆயுள் தலைவராகிவிட்டவர், சங்கக் கட்டடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் வைத்திருந்தார்; துணிக்கடை ஃப்ரோசோ, விதவை, தன் புருஷனின் எலும்புகளைத் தோண்டிக் கூடவே கொண்டுபோகலாமென்று அவன் கல்லறைக்குக் கல் வைக்காமல் மண்மேடாகவே விட்டிருந்தாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சிவப்பு முட்டைகளை மோதி உடைத்துவிட்டு, அடுத்த ஈஸ்டர் நம்ம ஊரில் என்று ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள். அப்படிக் கட்டிக்கொண்டவர்களில் பாதிப் பேர் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் படுத்திருந்தார்கள்.

இதிலெல்லாம் கலியோப்பிக்கு எரிச்சல் மட்டுந்தான். மகள் விஷயத்தில்தான் அது ஆறாத கோபமாக மாறியது. ஒரே மகள் டெஸ்பினா, ரயில் பட்டறையில் எஞ்சின் பழுதுபார்க்கிற முலுகேட்டாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது, பாண்டெலிஸ் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை, "நாமதான் போகப்போறோமே, அங்கே பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னான். டெஸ்பினா அப்பாவின் சம்மதத்துக்காகக் காத்திருந்தாள்; அவள் காத்திருந்த காலத்தில் அவளோடு படித்த பெண்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ஒருநாள் அவளே எழுந்துபோய், ஊர் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டு, ஊரை இரண்டாகப் பிளக்கும் மணலாற்றின் அக்கரையில் குடியேறினாள். மழைக்காலத்தில் சில நாட்கள் தவிர அந்த ஆற்றில் தண்ணீரே கிடையாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். பாண்டெலிஸ் ஒருமுறைகூடப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கலியோப்பி மட்டும் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகப் போவாள். அவள் திரும்பி வரும்வரை அவன் கடைவாசலில் நின்றுகொண்டிருப்பான், வந்ததும் மகளைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "மணல் சூடா இருந்துதா?" என்று மட்டும் கேட்பான். அந்தக் கேள்விக்காகவே அவனை அடுப்புக்குள் தள்ளலாம்போல இருக்கும் அவளுக்கு.

ஆகவே அந்தக் காலையில் சங்கு ஊதியதும், "வந்துடுச்சு பாரு உன் தலைவலி!" என்று கத்திவிட்டுத்தான் அவள் வெளியே வந்து பார்த்தாள்.

கப்பல் ரயில் நிலையத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவே நின்றது. கறுப்பு உடம்பு, துருப்பிடித்த விளிம்பு, ஒற்றைப் புகைக்கூண்டு. அது வந்த வழி, கிழக்கே முட்புதர்களைப் பிளந்துகொண்டு அடிவானம்வரை ஒரு பெரிய உழவுச் சாலாகத் தெரிந்தது. உடம்பிலிருந்து கடல்நீர் இன்னும் சொட்டிச் சிவப்பு மண்ணில் குழிகுழியாக விழுந்துகொண்டிருந்தது. எப்படி வந்தது என்று கேட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கும் வேறு வேலைகள் இருந்தன. குள்ளமான கேப்டன் ஒருவர் மேலேயிருந்து ஏணியை இறக்கிவிட்டு, "லெம்னோஸ் போறவங்க ஏறலாம்," என்றார். "ரொம்ப நாளாக் கூப்பிட்டீங்க, வர்றதுக்குக் கொஞ்சம் தாமதமாயிடுச்சு."

கிரேக்கர்கள் அழுதார்கள். தேவாலய மணியைக் கயிறு அறுந்துபோகும் அளவுக்கு அடித்தார்கள். பாண்டெலிஸ் மாவுக் கையோடு தெருவில் ஆடினான், கப்பலின் உடம்பைத் தொட்டு முத்தமிட்டான், உதட்டில் பட்ட உப்பை நக்கிக்கொண்டே கலியோப்பியிடம் ஓடிவந்து, "சொன்னேன் பாத்தியா? சொன்னேனா இல்லையா?" என்று கேட்டான். "சரி, ஏறு," என்றாள் கலியோப்பி. அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "இப்பவேவா? சங்கம் கூட வேண்டாமா?" என்றான்.

சங்கம் கூடியது. கூடிய முதல் நாள், மேல்தளத்து அறை யாருக்கு என்ற பேச்சில் போயிற்று. தலைவருக்குத்தான் என்றார் திமோலியோன். இறந்துபோன புருஷனையும் சேர்த்து இரண்டு பேராக வருகிற தனக்குத்தான் என்றாள் ஃப்ரோசோ. அடுத்த நாள் பெட்டிகளை முதலில் ஏற்றுவதா ஆட்களை முதலில் ஏற்றுவதா என்ற பேச்சு. பெட்டிகளை என்று முடிவாகி, பெட்டிகள் ஏறின, கட்டில்கள் ஏறின, தையல் எந்திரங்கள், சுவர்க்கடிகாரங்கள், சாமி படங்கள் எல்லாம் ஏறின. ஆட்கள் மட்டும் ஏறவில்லை. திமோலியோனுக்கு ஒரு கடைவாய்ப்பல் வலி எடுத்தது. வைத்தியரைப் பார்க்காமல் கடலில் எப்படிப் போவது? ஃப்ரோசோ கல்லறையைத் தோண்டப் போய், மழைக்கு முன்னால் தோண்டினால் ஆகாது என்று திரும்பி வந்தாள். ஒருவர் வீட்டு நாய் குட்டி போடப்போகிறது. ஒருவருக்கு நோன்புக் காலத்தில் பயணம் கூடாது. நோன்பு முடிந்ததும், விருந்து நாளில் யாராவது பயணம் கிளம்புவார்களா என்றார் அவரே.

இவர்கள் இப்படிக் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருக்க, ஊர் கப்பலைத் தனக்குப் பழக்கிக்கொண்டது. கெய் மேடாவில் அத்தனை பெரிய நிழல் அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை. சந்தை முழுக்க அந்த நிழலுக்குள் குடிவந்து, காலையில் மேற்குப் பக்கமும் மாலையில் கிழக்குப் பக்கமுமாக நிழலோடு நிழலாக நகர்ந்தது. பெண்கள் நங்கூரச் சங்கிலியில் மிளகாயைக் கோத்து உலர்த்தினார்கள். கலியோப்பியின் கடையில் வேலை செய்கிற அஸ்கலே, கப்பலின் முகப்புக்கு அடியில் கரி அடுப்பை வைத்துக் காப்பிக்கொட்டை வறுத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஊற்றினாள். சொட்டிய கடல்நீர் காய்ந்து உப்பாகப் படிந்தபோது, பாலைவனத்து ஒட்டகக்காரர்கள் தங்கள் ஒட்டகங்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்; அவை கண்ணை மூடிக்கொண்டு கப்பலை நக்கின. நிலைய அதிகாரி அத்தோ கெப்ரேயெஸ் மட்டும் நிம்மதியில்லாமல் இருந்தார், ஏனென்றால் தினமும் காலையில் கேப்டன் ஊதும் சங்கைக் கேட்டு ரயில் கிளம்புகிறது என்று ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு ஓடிவந்தார்கள். அவர் போய் முறையிட்டதும் கேப்டன் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கப்பல் அவரிடம் அனுமதி கேட்டுத்தான் ஊதியது.

பழக முடியாமல் கிடந்தவள் கலியோப்பி ஒருத்திதான். பயணத்துக்கு ரஸ்க் வேண்டுமென்று சங்கம் சொல்லி, அவள் மூட்டை மூட்டையாக ரஸ்க் சுட்டுக் கப்பலில் ஏற்றினாள். பயணம் தள்ளிப்போய் ரஸ்க் பூசணம் பிடித்தது, புதிதாகச் சுடு என்றார்கள், சுட்டாள், அதுவும் போயிற்று. இதற்கிடையில் பாண்டெலிஸ் வீட்டிலிருந்த ஒவ்வொன்றாகக் கப்பலுக்குக் கொண்டுபோனான். தன் சட்டைகளையும் கால்சட்டைகளையும், போட்டிருந்ததைத் தவிர, கொண்டுபோனான். மெத்தையைக் கொண்டுபோனான். ஒருநாள் அவள் மாவு பிசைந்துவிட்டுத் திரும்பினால், ரொட்டித் தட்டுகள் ஒன்றுகூட இல்லை.

"எங்கே என் தட்டு?"

"பத்திரமா ஏத்திட்டேன்."

"நாளைக்கு ரயில்காரங்களுக்கு ரொட்டி எதுல சுடறது? உன் முதுகிலயா?"

"ரெண்டு நாள் பொறுத்துக்கோயேன். போகப்போறோமே," என்றான் அவன், அவளுக்கு ஆறுதல் சொல்கிறவன்போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வெறுங்கையோடு ஆற்றைக் கடந்து மகள் வீட்டுக்குப் போனாள். டெஸ்பினா இஞ்செரா அப்பம் ஊற்றிக்கொண்டிருந்தாள். முலுகேட்டா எழுந்து நின்று வணக்கம் சொல்லி, அம்மாவும் மகளும் பேசட்டும் என்று ஒரு திருகுச்சாவியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

"அம்மா, நீ போறியா?" என்று டெஸ்பினா முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னை யாரு கேட்டாங்க?"

"நான் கேக்கறேன்."

கலியோப்பி கணக்கற்ற ரஸ்க்குகளைச் சுட்டிருக்கிறாள், பெட்டி கட்டியிருக்கிறாள், அவிழ்த்திருக்கிறாள், ஆனால் போகிறேனா என்று ஒரு கணம் யோசித்ததில்லை. லெம்னோஸ் அவளுக்குப் புருஷன் வாயிலிருந்து விழுகிற சொல். கடலை அவள் ஜிபூத்தியில், சின்ன வயதில், அப்பாவின் தோளிலிருந்து ஒருமுறை பார்த்ததோடு சரி.

"அப்பா என்னை வந்து பாக்காமலே போயிடுவார் இல்ல?" என்றாள் டெஸ்பினா.

"போகமாட்டான். அதான் கோளாறு," என்றாள் கலியோப்பி. "போகவும் மாட்டான், இருக்கவும் மாட்டான்."

கேப்டனும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார். அவர் ஒருநாள் ரொட்டி கேட்டுக் கடைக்கு வந்தார்; தகர மூடியில் சுட்ட கோணல் ரொட்டியைத்தான் அவளால் கொடுக்க முடிந்தது. அவர் அதை நின்றபடியே தின்றார். "இப்படித்தான் எல்லா ஊர்லயும் கூப்பிடுறாங்க, கிரியா," என்றார், கிரியா என்றால் கிரேக்கத்தில் அம்மா. "கூப்பிட்டா வரணும்னு எனக்கு உத்தரவு. வந்தா, அவங்க கூப்பிட்டது எனக்காக இல்ல, பேச்சுக்காகன்னு தெரியுது. நாளைக்குக் காலையில கிளம்பறேன். சொல்லிடுங்க."

சொன்னாள். ஊரெங்கும் சொன்னாள். மறுநாள் காலையில் கிரேக்கர்கள் அத்தனை பேரும் ஏணிக்கடியில் கூடிவிட்டார்கள், நல்ல உடுப்பு எல்லாம் பெட்டிகளோடு மேலே போய்விட்டதால் வேலைக்குப் போடும் பழசை உடுத்திக்கொண்டு. முதலில் ஏறுவது யார் என்று திமோலியோன் ஆரம்பித்தார். தலைவர் முதலில் ஏறினால் கீழே இருப்பவர்களை யார் கவனிப்பது என்றார். தலைவர் கடைசியில் ஏறினால் தலைவருக்கு என்ன மரியாதை என்றும் அவரே கேட்டார். ஃப்ரோசோ அழுதாள். பாண்டெலிஸ் எல்லோரையும் சமாதானப்படுத்தினான், இத்தனை வருஷம் பொறுத்தோம், இன்னும் ஒருநாள் கேட்டுப் பார்க்கலாம் என்றான்.

கலியோப்பி அவர்களைத் தள்ளிக்கொண்டு ஏணியில் ஏறினாள். போவதற்காக ஏறவில்லை. தட்டுகளுக்காக ஏறினாள். சரக்கறையில் இறங்கி, கட்டில் கால்களுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவே தேடினாள். புருஷனின் டிரங்குப் பெட்டி அகப்பட்டது, தட்டுகள் அகப்படவில்லை. வியர்த்து, முழங்கை சிராய்த்து, மேல்தளத்துக்கு ஏறிவந்து மூச்சு வாங்கினாள். அங்கிருந்து கீழே பார்த்தாள். ஏணிக்கடியில் இன்னும் வாக்குவாதம். மேலேயிருந்து பார்க்கத் தலைகளும் ஆட்டுகிற கைகளும் மட்டுமே தெரிந்தன.

"இறங்கறீங்களா, வர்றீங்களா?" என்று கேட்டார் கேப்டன். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, எதுவானாலும் எனக்குச் சரி."

அவள் வாழ்க்கையில் ஒரு கேள்வியை அப்படி யாரும் கேட்டதில்லை, அவள் பதிலுக்காகக் காத்து நின்று. அவளுக்குத் தட்டுகள்மேல் இருந்த கோபம், ரஸ்க்மேல் இருந்த கோபம், கூரைமேல், பாத்திரத்துக்குக் கீழே இருந்த பாத்திரத்தின்மேல், சூடாக இருந்துதா என்ற கேள்வியின்மேல் இருந்த கோபம் எல்லாம் ஒன்றுசேர்ந்து தொண்டைக்கு வந்தது. வந்தபோது அது கோபமாக இல்லை, வெறும் ஆசையாக இருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அங்கே, போய்ப் பார்த்துவிடலாமே என்ற ஆசை.

"எடுங்க கப்பலை," என்றாள்.

கப்பல் அத்தோ கெப்ரேயெஸிடம் அனுமதி கேட்டு ஊதியது. நிழல் நகர்ந்தது. சந்தைப் பெண்கள் சங்கிலியிலிருந்த மிளகாயை அவசரமாக உருவினார்கள். ஒட்டகங்கள் நாக்கை நீட்டியபடி கொஞ்ச தூரம் பின்தொடர்ந்தன. கிரேக்கர்களுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் பாண்டெலிஸ் செம்புழுதியில் கப்பலோடு ஓடிவந்தான், இரண்டு கையையும் ஆட்டினான், நில்லு என்பதா வா என்பதா என்று தெரியாமல் வாயில் வந்ததைக் கத்தினான்.

"கலியோப்பி! அடுப்புல ரொட்டி இருக்கு!"

"அப்போ எடு!" என்று அவள் மேலேயிருந்து கத்தினாள்.

கடல் பயணத்தில் சொல்ல அதிகமில்லை. அவள் புருஷனின் மெத்தையில் படுத்து நன்றாகத் தூங்கினாள். லெம்னோஸ் வந்தபோது காற்றடித்தது. அவள் அங்கிருந்த நாளெல்லாம் காற்றடித்தது. துறைமுகத்தில் அத்தனை பெட்டிகளையும் இறக்கிவைத்துவிட்டுக் கேப்டன் அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிட்டார். அப்படி இறக்கியபோதுதான் அவளுடைய தட்டுகள் அகப்பட்டன. ஊர்ச்சனம் வந்து பார்த்தது. அவள் பேசிய கிரேக்கம் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஹபேஷாக்காரி, அதாவது எத்தியோப்பியாக்காரி, என்று பெயர் வைத்தார்கள். ரொட்டிக்குக் கருஞ்சீரகம் தூவினாள் என்று அதற்கும் சிரித்தார்கள், பிறகு அதையே கேட்டு வாங்கித் தின்றார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் தண்ணீர் எடுக்கப் போனால், மீன் வாங்கப் போனால், தேவாலயத்துக்குப் போனால், பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள்: "எப்போ உங்க ஊருக்குத் திரும்பறீங்க?" அவளுக்கு எரிச்சலாக வந்தது. எந்த ஊரில் இருந்தாலும் இன்னொரு ஊரைப் பற்றித்தான் பேச வேண்டுமா?

புருஷனின் வீட்டை ஸெவாஸ்தி என்ற கிழவி காட்டினாள். அவள் பாண்டெலிஸுக்கு ஒன்றுவிட்ட அக்கா. நான்கு சுவர், நடுவில் ஒரு காட்டு அத்தி, அதன் கீழே யாரோ கட்டிவைத்த ஆடுகள்.

"பாண்டெலிஸ் எப்படிம்மா இருக்கான்?" என்றாள் ஸெவாஸ்தி. "அங்கேயாவது ஒரு வேலை உருப்படியாச் செய்யறானா?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"இங்கே இருந்தவரைக்கும் ஒரு துரும்பை நகர்த்தமாட்டானே. திராட்சைக் கொடியை வெட்டிவிடுடான்னு அவன் அம்மா கெஞ்சுவா. கிணத்துச் சுவர் சரியுது, ரெண்டு கல்லு எடுத்துவைடாம்பா. துறைமுகத்துச் சுவர்மேல உக்காந்துக்கிட்டு, எதுக்கு, நான்தான் ஆப்பிரிக்கா போகப்போறேனேம்பான். ஒரு பொண்ணு, நல்ல பொண்ணு, அவனுக்காகக் காத்திருந்தா. கப்பல் வரட்டும், கப்பல் வரட்டும்னு அவளையும் உக்கார வச்சான். கடைசியில அவன் மாமா வந்து சட்டையைப் புடிச்சு இழுத்துத்தான் கப்பல்ல ஏத்தினார்."

கலியோப்பி ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்தது, சிரித்தால் நிற்காது என்று பயமாகவும் இருந்தது. அவனோடு வாழ்ந்த வருஷமெல்லாம் இந்தத் தீவோடு சக்களத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தீவு பாவம், அதற்கும் அவன் கிடைத்திருக்கவில்லை. அவள் பெட்டிகளை ஸெவாஸ்தியின் பொறுப்பில் விட்டாள். தன் தட்டுகளை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு, ஊரான் கப்பல் ஒன்றில் ஏறி ஜிபூத்திக்கு வந்தாள்; அங்கிருந்து ரயில்.

கெய் மேடாவுக்கு முந்தின நிலையத்தில் அஸ்கலே பச்சைக் காப்பிக்கொட்டை மூட்டையோடு ஏறினாள். "எத்தியே!" என்று கட்டிக்கொண்டாள், எத்தியே என்றால் அந்தப் பக்கத்தில் அக்கா. கன்னத்துக்குக் கன்னம் மாற்றி மாற்றி முத்தமிட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ரொட்டி கரிஞ்சுபோச்சு எத்தியே, தெருவே புகை. உங்க வீட்டுக்காரர் அதை எடுக்கல. கப்பல் உழுதுபோன பள்ளத்தில போய் உக்காந்துட்டார். உங்க ஆளுங்க யாருக்கும் உடுத்தத் துணி இல்ல, படுக்கப் பாய் இல்ல, எல்லாம் கப்பலோட போயிடுச்சு இல்ல? வீட்டுக்கு வீடு நாங்கதான் கொடுத்தோம். திமோலியோன் இப்போ எங்க வெள்ளைப் போர்வையைப் போத்திக்கிட்டுத்தான் சங்கத்துக்குத் தலைமை தாங்கறார், பாக்க எங்க பாதிரியார் மாதிரியே இருக்கார். ஃப்ரோசோ எங்க வீட்டு மெத்தையிலதான் படுக்கறா, ஒருநாள் எழுந்துபோய் அவ புருஷனுக்குக் கல் வச்சுட்டா."

"கடை?"

"ரயில்காரங்க ரொட்டி இல்லாம கத்தினாங்க. டெஸ்பினா வந்தா, பூட்டை உடைச்சா, அடுப்பை மூட்டினா. முலுகேட்டா பட்டறையில தகடு வெட்டித் தட்டு செஞ்சு கொடுத்தான். அவ அப்பா வாசல்ல வந்து நின்னார், உள்ளே வரல. அவளும் கூப்பிடல. அப்புறம் அவ சொன்னா: மாவு பிசைய ஆள் வேணும்னு."

"இவன் என்ன சொன்னான்?"

"கையைக் கழுவிட்டு மாவு பிசைய வந்தார்."

ரயில் நின்றபோது பாண்டெலிஸ் நடைமேடையில் நின்றிருந்தான். யார் சொல்லி வந்தான் என்று தெரியவில்லை. ஒவ்வொரு ரயிலுக்கும் வந்து நிற்கிறான் என்று அஸ்கலே பிற்பாடு சொன்னாள். அவன் போட்டிருந்தது முலுகேட்டாவின் கால்சட்டை. மருமகன் உயரமானவன், ஆனால் கால்சட்டையின் அடி மண்ணில் இழுபடவில்லை, மடித்து, சின்னச் சின்னத் தையலாக, சரியான அளவுக்குத் தைத்திருந்தது. அது டெஸ்பினாவின் தையல். அவள் முழங்காலிட்டு அளவெடுத்திருக்கிறாள். அவன் அசையாமல் நின்று கொடுத்திருக்கிறான். கலியோப்பி கொஞ்ச நேரம் அந்தத் தையலையே பார்த்தாள். ரயிலில் சேர்த்துவைத்த வசவுகளில் பாதி மறந்துபோயிற்று, அதுவும் எரிச்சலாக இருந்தது.

"இளைச்சுட்டே," என்றான் அவன்.

"மூட்டையைப் புடி."

அவன் மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். கடைப்பக்கம் திரும்பாமல் நேரே ஆற்றை நோக்கி நடந்தான், மத்தியானச் சாப்பாடு அங்கேதான் என்றான். கரையில் செருப்பைக் கழற்றினான். மணலில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும், அதுவரை அடக்கிவைத்திருந்ததைக் கேட்டான்:

"அங்கே யாராவது என்னைக் கேட்டாங்களா?"

மறைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. ஸெவாஸ்தி சொன்னதை அப்படியே சொன்னாள்: திராட்சைக் கொடி, கிணற்றுச் சுவர், காத்திருந்த பெண், துறைமுகத்துச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த பையன், அவன் சொன்ன பேச்சு. அவன் முகம் முதலில் மலர்ந்தது. "பாத்தியா, மறக்கல! ஸெவாஸ்திக்கு எல்லாம் நினைவிருக்கு!" என்றான். அவளுக்குத் தட்டு மூட்டையைப் பிடுங்கி அவன் தலையில் போடலாம்போல இருந்தது. ஆனால் நாலடி போனதும் அவன் நடை தளர்ந்தது. ஆற்றின் நடுவில் நின்றுவிட்டான். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கரையும் ஒரே தூரம். வெயில் உச்சியில் இருந்தது.

"அங்கேயும் நான் இல்ல, இங்கேயும் இல்ல," என்றான் மெதுவாக. "அப்போ இத்தனை காலமும் நான் எங்கேதான் இருந்தேன், கலியோப்பி?"

"என் சமையலறையில," என்றாள் அவள். "வழியை மறிச்சுக்கிட்டு நின்னே. கால் சுடுது, நட."

அவன் நடந்தான். அக்கரையில் முலுகேட்டா வாசலுக்கு வந்து, சாப்பாடு ஆறுகிறது என்று மாமனாரைப் பார்த்துக் கத்தினான். பாண்டெலிஸ் தன் அரைகுறை அம்ஹாரிக்கில், எண்களையும் வசவுகளையும் தாண்டி எப்போதோ எங்கேயோ பொறுக்கிக்கொண்ட சொற்களையெல்லாம் சேர்த்து, என் பெண்டாட்டி வந்திருக்கிறாள், இன்னொரு தட்டு வை என்று திருப்பிக் கத்தினான். சொல்லில் இலக்கணம் ஒன்றுகூடச் சரியில்லை. கலியோப்பி பின்னாலிருந்து அதைத் திருத்திக்கொண்டே வந்தாள்.